மன்னிச்சுட்டேன்னு சொன்னேனுங்க

உக்காருங்க நர்சம்மா. அந்தச் சேர்ல வேண்டாமுங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. புள்ளை உள்ள துணி மாத்தீட்டிருக்கறா, வந்துருவா. இன்னிக்கு நீங்க வருவீங்கன்னு அவளுக்குத் தெரியுமாட்ட இருக்குது. எனக்குத்தான் தெரியாது. இந்த வூட்டுல எனக்குத் தெரிஞ்சு எதுதான் நடக்குது.

ரெண்டாவது ஊசிக்குக் கூட்டீட்டுப் போகத்தான வந்திருக்கறீங்க? தெரியுமுங்க. நான் ஆகாதுன்னு சொல்லல. ஆனா பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமில்ல? மொத ஊசிக்குத்தான் கேக்கல. போட்ட அவங்கம்மாளைக் கேக்க முடியாது, போய்ச் சேந்துட்டா. நீங்களாவது நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு, எம்மேல என்ன தப்புன்னு சொல்லிட்டு, அப்பறம் புள்ளையக் கூட்டீட்டுப் போங்க. நீங்க இந்த ஊருக்குப் புதுசு. பழைய நர்சம்மாவுக்கு எங்க கதை தெரியும்.

நான் போர்வெல் போடற வண்டில டிரில்லருங்க. இந்தத் திருச்செங்கோட்டுச் சுத்துல வூட்டுக்கு ஒருத்தன் போர் வண்டிலதான் இருப்பான். மழை விட்டா வண்டி வடக்க கெளம்பும். சத்தீஸ்கரு, ஒரிசா, ராஜஸ்தானு, எங்க கல்லைத் தொளைச்சாத் தண்ணி வருமோ அங்க. அங்க மழை புடிச்சு வேலை நின்னாத்தான் ஊருக்கு வருவோம். அதுவரைக்கும் பொண்டாட்டி புள்ளை எல்லாம் போன்லதான். வேலை செய்யற எடத்துக்கு எங்க பேச்சுல லைன்னு பேரு. லைனுக்குப் போயிட்டான், லைன்ல இருந்து வந்துட்டான், அப்படித்தான் சொல்லுவாங்க.

லைன்ல இருந்து வர்றப்ப நேரா ஊருக்குள்ள வரமாட்டோமுங்க. மொதல்ல பவானி கூடுதுறைக்குப் போவோம். அது சுத்து வழிதான். ஆனாலும் போயி, எல்லாருமா முழுகி, லைன்ல கட்டுன லுங்கி பனியனை அங்கியே ஆத்தோட விட்டுட்டு, புதுத்துணி கட்டீட்டுத்தான் மறுபடி வண்டி ஏறுவோம். எங்க மேஸ்திரி காலத்துல இருந்தே அப்படி. லைன்ல ஒட்டுன அழுக்கு, தோசம், கண்ணு எல்லாம் அங்கியே போயிரும். சில பசங்க சோம்பேறித்தனப்பட்டு வண்டிக்குள்ளயே படுத்துக் கெடப்பானுக. நாந்தான் தட்டி எழுப்பி, எறங்குடா, பொண்டாட்டி மூஞ்சில முழிக்கோணுமில்லன்னு முழுக வெப்பேன். அதுல நான் ஒருக்காக்கூடத் தவறுனதில்லீங்க. சுத்தமாத்தான் இந்த வாசப்படி ஏறியிருக்கறேன்.

எம்பொண்டாட்டி வசந்தாமணி இந்த வாசக் கேட்டுகிட்டயே நிப்பா. வண்டிச் சத்தம் கேட்டதுமே வந்து நின்னுருவா. வந்துட்டீங்களா மாமாம்பா. அவ்வளவுதான், வேற பேச்சு கெடையாது. வருசம் பூராத் தூசி தின்னுட்டு வர்றவனுக்கு அந்த ஒரு மாமா போதுமுங்க. நான் அவளுக்கு ஒண்ணுங் கொறை வெக்கல. ஒவ்வொரு தடவையும் ஒரு சீலை. ஒரு தடவை ஜெய்ப்பூர்ல இருந்து, குளுருக்குப் போத்தற ரஜாய் கொண்டாந்தேன். இந்த ஊரு வெயிலுக்கு எதுக்குங் மாமா இதுன்னு சிரிச்சுட்டு, அதைப் பீரோவுல மடிச்சு வெச்சா. இன்னும் இருக்குது.

போன வருசம் மழைக்கு வந்தேன். நர்சுங்கறதால சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. வந்ததுல இருந்தே தள்ளித் தள்ளிப் படுத்தா. ஒடம்புக்கு முடியலீங் மாமா, நீங்க பக்கத்துல வந்துட்டா ரத்தம் படுதுன்னா. அதுக்கு முந்துன வருசமே அப்படி இருந்துச்சாமா, சொல்லாம இருந்துருக்கறா. அத்தனை மாசங் கழிச்சு வர்ற மனுசனுக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும்? கொஞ்சம் கோவிச்சுட்டேன். ரெண்டு நாள் சோறு வேண்டாம்னேன். அப்பறம் அவளே சரின்னுட்டா. வற்புறுத்துனேன்னு ஆராவது சொன்னா நம்பாதீங்க.

ரேசன் கடைக்குப் பக்கத்துல பொம்பளைகளுக்குக் கர்ப்பப்பைக்குன்னே பரிசோதனை வெச்சாங்களாமா. உங்க ஆளுகதான் வெச்சிருப்பாங்க. பக்கத்து வூட்டுப் பொம்பளைக எல்லாம் போயிருக்கறாங்க. இவளையும் கூப்புட்டாங்க. இவ போகல. ஏன்னா அன்னிக்கு நான் வர்ற நாளு. கறி எடுத்தாந்து கொழம்பு வெச்சுட்டு, கேட்டுகிட்ட நின்னுட்டிருந்திருக்கறா. அவ்வளவு பாசமுங்க எம்மேல. அதனாலதான் எனக்குத் தாங்கல. இத்தனை பாசமா இருந்தவ எப்படிங்க?

அப்பறம் ரத்தம் படறது நிக்கவே இல்ல. துணி துணியா நனைஞ்சுச்சு. இங்க ரெண்டு எடத்துல காட்டிட்டுக் கோயமுத்தூருக்குக் கூட்டீட்டுப் போனேன். அங்க ஒரு லேடி டாக்டர், மெதுவாத்தான் பேசுனாங்க. கர்ப்பப்பை வாயில புத்துநோய், முத்திப்போச்சுன்னாங்க. ஒரு கிருமியால வர்றது, அந்தக் கிருமில நூத்துக்கு மேல வகை இருக்குது, பல வகை ஒண்ணும் பண்ணாது, மரு வரும் போகும், பதினாறு பதினெட்டுன்னு ரெண்டு வகைதான் ரொம்பப் பொல்லாதது, உங்க சம்சாரத்துக்கு இருக்கறது பதினாறுன்னாங்க. எங்க தொழில்ல கல்லைத் தொளைக்கற பிட்டுக்கு நம்பரு இருக்கறாப்பல கிருமிக்கும் நம்பரு. அப்ப எனக்கு அது வேடிக்கையாத் தெரிஞ்சுது. அப்பறந்தான் கேட்டேன், இது எப்படிங்க ஒட்டுதுன்னு. ஆம்பளை பொம்பளை சேர்றதுலதான் ஒட்டுதுன்னாங்க.

அதுக்கு மேலயும் அந்தம்மா நெறையாச் சொல்லிச்சுங்க. பொய் சொல்லக்கூடாது. முக்காவாசிப் பேருக்கு இது வந்து, வந்த தடமே தெரியாமத் தானாப் போயிருமாம். சில பேரு ஒடம்புல மட்டும் வருசக்கணக்காக் கம்முனு கெடந்து அப்பறம் இப்படி ஆக்குமாம். எப்ப வந்துச்சு, ஆருகிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாதாம். ஆம்பளை ஒடம்புல இருந்தா அவனுக்கே தெரியாதாம். ஆரையும் குத்தஞ் சொல்ற சீக்கு இல்லீங்க இதுன்னு என்னைப் பாத்துச் சொன்னாங்க. எல்லாங் காதுல விழுந்துச்சு. மண்டைல நின்னது ஒண்ணுதான். சேர்றதுலதான் ஒட்டுது.

பஸ்ல வர்றப்ப எனக்குள்ளயே ரோசனை பண்ணுனேன். எனக்கு ஒண்ணுமில்ல. கல்லுக்குண்டாட்ட இருக்கறேன். ஒரு மருவு கூட இல்ல. லைன்ல இருக்கறப்ப வயசுல அங்க இங்க, டாபாவுக்குப் பின்னாடி, அது எல்லா வண்டிக்காரனும் பண்றதுதான், நான் அதைச் சொல்லல. அது வேற, வூடு வேற. லைன்ல நடந்தது லைனோட போச்சு. அதையெல்லாம் தலை முழுகிட்டுத்தான வூட்டுக்குள்ள வர்றேன். அப்ப வூட்டுக்குள்ள இது எப்படி வந்துச்சு? எந்த ஆம்பளைக்கும் இந்தக் கேள்வி வரத்தானுங்க செய்யும்.

பெருந்துறைல பஸ் நின்னப்பக் கேட்டேன். ஜன்னலோரமா உக்காந்திருந்தா. கையில எலுமிச்சம்பழம், வாந்தி வருதுன்னு மோந்துட்டிருந்தா. கத்தலீங்க, சத்தியமாக் கத்தல. மெதுவாத்தான் கேட்டேன். "நான் கோவிச்சுக்க மாட்டேன் வசந்தா. ஆருன்னு மட்டுஞ் சொல்லிரு"ன்னேன். அவளுக்கு மொதல்ல புரியல. "ஆருன்னா என்னங் மாமா?"ன்னா.

அதுதானுங்க கடைசி மாமா. அதுக்கப்பறம் அவ வாயில இருந்து எனக்கு அந்தச் சொல்லு வரவே இல்ல.

நான் புரியற மாதிரி எடுத்துச் சொன்னேன். டாக்டர் இப்படிச் சொன்னாங்கல்ல, எனக்கு ஒண்ணுமில்லையல்ல, அப்ப வேற ஆரோதானன்னு. அப்பத் திரும்பி என்னைப் பாத்தா. அப்படி ஒரு பார்வையை நான் அவகிட்டப் பாத்ததே இல்லீங்க. கோவமில்ல, அழுகையில்ல. சும்மாப் பாத்தா. முன்னப்பின்ன தெரியாத ஆளைப் பாக்கறவளாட்ட, என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ஈரோடு தாண்டி நம்மூரு வர்ற வரைக்கும் திரும்பவே இல்ல. எலுமிச்சம்பழம் கீழ விழுந்து உருண்டு போச்சு. நான் எடுத்துக் குடுத்தேன். வாங்கல.

இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? ஒரு வார்த்தை. நான் நம்பியிருப்பேன். சொல்லலையே. சொல்லாததுனால நான் என்ன பண்ணட்டும்? நானே தேடுனேன். கரண்டு பில்லுக் கட்டிக் குடுக்கறேன்னு வர்ற அவ மாமன் மவன் தர்மலிங்கம் மேல மொதல்ல ஒரு சந்தேகம். இனிமே இந்தப் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன். அவன் அழுதுட்டே போனான். அப்பறம் அவ துணி தெச்சுக் குடுக்கற கடைக்காரன். போயிப் பாத்தா அவனுக்கு எழுபது வயசிருக்கும், கண்ணே தெரியல. பால் எடுக்க வர்றவனைக்கூட விடல நான். ஒண்ணும் அகப்படல. அத்தனை சாமர்த்தியமா மறைச்சிருக்கறா பாருங்க.

ஆனா அவளை விட்டுட்டுப் போகல. அதை எல்லாரும் சொல்லுவாங்க, கேட்டுப் பாருங்க. வண்டி எனக்காகக் காத்துட்டு நின்னுச்சு, வேற டிரில்லரைப் போட்டுக்கச் சொல்லிட்டேன். புத்துநோய்க்குக் கரண்டு வெக்கறதுக்கும் மருந்து ஏத்தறதுக்கும் வாரம் பூரா கோயமுத்தூருக்கு நாந்தான் கூட்டீட்டுப் போயிட்டு வந்தேன். கரண்டு வெச்சா வயிறு எரியும், சோறு எறங்காது. ரசத்தைக் கரைச்சு ஊட்டுவேன். துணியெல்லாம் நாந்தான் தொவைச்சேன், எங்கக்காளைக் கூடத் தொட விடல. நாத்தம் வந்துச்சுங்க கடைசில, வூடே நாறிச்சு. நான் ஒரு நாளும் மூக்கைச் சுளிச்சதில்ல. தலை வாரி விடுவேன். கட்டிக்கிட்டு வந்தப்ப அவ தலைமுடி இடுப்புக்குக் கீழ இருக்கும். அது கொத்துக் கொத்தாச் சீப்புல வந்துச்சு. அவளுக்குத் தெரியாம அந்த முடியை எடுத்து வெச்சிருக்கறேன், ரஜாய்க்குள்ள.

அத்தனை செஞ்சும் எங்கிட்டப் பேசல. எது வேணும்னாலும் புள்ளைகிட்டத்தான். கண்ணு, உங்கப்பாவைத் தண்ணி எடுத்தாரச் சொல்லும்பா, நான் கட்டல்லயே உக்காந்திருப்பேன். நான் எடுத்துக் குடுப்பேன். குடிப்பா. அவ்வளவுதான்.

ஒரு நாள் என்னால முடியல. பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுச் சொன்னேன். "ஆரா இருந்தாலுஞ் சரி வசந்தா, நான் மன்னிச்சுட்டேன். மனசுல வெச்சுக்காம மாமான்னு ஒருக்காக் கூப்புடு"ன்னேன். எத்தனை பேருக்குங்க அந்த மனசு வரும்? எங்க செட்டுல எவனா இருந்தாலும் வெட்டிப் போட்டிருப்பான். நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னேனுங்க. அதுக்கு அவ சிரிச்சா. வலியில நெளிஞ்சுட்டே சிரிச்சா, கண்ணுல தண்ணியா ஊத்துது, சிரிக்கறா. அவ மனசு லேசாயிருச்சுன்னு நெனைச்சேன். ஆனா கூப்புடல.

அந்த வாரந்தான் புள்ளை கையில பிளாஸ்திரியைப் பாத்தேன். என்ன கண்ணு இதுன்னா கையைப் பின்னால மறைச்சுக்கிட்டா. அப்பறந்தான் தெரிஞ்சுது, நான் எங்க போர் வண்டி ஆபீசு வரைக்கும் போயிருந்த நேரம் பாத்து, நிக்கக்கூட முடியாதவ, புள்ளையக் கூட்டிக்கிட்டு டவுன்பஸ் ஏறிப் போயி அந்தக் கிருமி அண்டாம இருக்கப் புள்ளைக்கு ஊசி போட்டுட்டு வந்திருக்கறா. கம்பியைப் புடிச்சுட்டே போனாளாமா. நடுவுல ரெண்டு எடத்துல ரோட்டோரம் உக்காந்தாளாமா. பஸ்ல பாத்தவங்க வந்து எங்கிட்டச் சொல்றாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். எட்டாவது படிக்கற கொழந்தைங்க அது. அதுக்கு எதுக்குங்க இந்த ஊசி? பெத்த தாயே புள்ளையச் சந்தேகப்பட்டா எப்படி? அவ புத்தி புள்ளைக்கும் வந்துரும்னு பயந்துட்டாளான்னு கேட்டுட்டேன். ஆமாங்க, அவ காதுல விழற மாதிரிதான் கேட்டேன். புள்ளையும் அங்கதான் இருந்துச்சு.

அன்னில இருந்து புள்ளையும் எங்கிட்டப் பேசறதில்ல. சோறு வெக்கும், தட்டை எடுக்கும். ஸ்கூலுக்குப் போகும். அவ்வளவுதான்.

தை பொறந்து கொஞ்ச நாள்லயே போயிட்டா. போற வரைக்கும் ஒரு மாமா இல்ல. நான் கடைசி வரைக்கும் வாய்க்கிட்டயே காதை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். சாம்பலைக் கூடுதுறைலதான் கரைச்சேன், நாங்க முழுகற அதே படிக்கட்டுல. கரைச்சுட்டு நானும் முழுகி எந்திரிச்சேன். எப்பவும் அங்க முழுகி எந்திரிச்சா ஒடம்பே காத்தாட்ட லேசாயிரும். அன்னிக்கு ஆகல. மறுபடி முழுகுனேன். மறுபடியும் முழுகுனேன். ஐயரு போதுங்க கரையேறுங்கன்னு சத்தம் போட்டப்பறந்தான் வந்தேன். அந்தப் பாரம் இன்னும் எறங்கலீங்க.

இந்த வருசம் லைனுக்குப் போகல. புள்ளையத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது. எங்கக்கா வேற பொண்ணுப் பாத்துட்டிருக்கறா. ராசிபுரத்துப் பக்கம் ஒரு எடம் சொல்லியிருக்கறா, புருசன் செத்த பொண்ணாமா. இந்தத் தடவை நல்லா விசாரிச்சுக் கட்டோணும், சுத்தமான எடமா இருக்கோணும்ங்கறா. எனக்கு மனசு ஒப்பல. வசந்தா இருந்த எடத்துல இன்னொருத்தி எப்படிங்க?

சொல்லுங்க, என்னவோ சொல்ல வந்தீங்க. என்னங்க? புள்ளை தப்புப் பண்ணோணும்னு இல்லீங்களா? கட்டிக்கப் போறவன் முன்னாடியே எங்கியாவது வாங்கிட்டு வந்திருந்தாலும் வந்துருமா? இவ ஒரு பாவமும் அறியாம இருந்தாலும்? அதுக்குத்தான் இந்த வயசுலயே போடறதா? அட, அப்படிப்பட்டவனுக்கு நான் எம்புள்ளையக் குடுப்பனாங்க? வூட்டுல ஒரு மொகம், வெளில ஒரு மொகம்னு இருக்கறவனுக்கு? ஒண்ணு சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க. எவனுக்கு வேணும்னாலும் குடுப்பேன், லைனுக்குப் போறவனுக்கு மட்டுங் குடுக்கவே மாட்டேன். அவனுக எப்படின்னு எனக்குத் தெரியாதா.

என்னங்க, அதுக்குள்ள பையை எடுத்துட்டீங்க? தண்ணி வேணுங்களா?

இதா, வந்துட்டா. வா கண்ணு. இந்தச் சுடிதாரு அவங்கம்மா எடுத்துக் குடுத்ததுங்க. கையை மேல சுருட்டிக்கிட்டே வந்திருக்கறா பாருங்க, ஊசி இங்கயே போடற மாதிரி. அங்க ஆஸ்பத்திரிலதான் கண்ணு போடுவாங்க, நர்சம்மா வண்டில கூட்டீட்டுப் போவாங்க. போயிட்டு வா. அப்பா வேண்டாங்கல. உங்கம்மா ஆசைப்பட்டுட்டா, போட்டுக்க.

என்ன கண்ணு? சொல்லு. எங்கிட்டயா? சொல்லு கண்ணு, அப்பா கேக்கறேன்.

கேட்டீங்களா நர்சம்மா, புள்ளை எங்கிட்டப் பேசிருச்சு. இத்தனை மாசத்துக்கப்பறம் பேசிருச்சு. என்ன சொல்லுச்சுன்னு கேட்டீங்களா? "அம்மாவுக்கு உங்களைத் தவிர ஆரையுந் தெரியாதுப்பா"ங்குது. கொழந்தை. அதுக்கென்னங்க தெரியும். போய் வாசக் கேட்டுகிட்ட நில்லு கண்ணு, நர்சம்மா வருவாங்க.

அங்கதானுங்க நிப்பா அவளும். அதே எடத்துல.

புள்ளை போயிருச்சு. இப்பக் கேக்கறேன், நீங்க இதையே படிச்சவங்க, எத்தனையோ பேரைப் பாத்திருப்பீங்க. இனி அவளை நான் கோவிச்சு என்ன ஆகப் போகுது. தெரிஞ்சுட்டா நானும் நிம்மதியாத் தூங்குவேன். நீங்களே சொல்லுங்க, அது ஆரா இருக்கும்?

ஏனுங்க நர்சம்மா, நீங்களும் அவளாட்டவே என்னைப் பாக்கறீங்க?